‘இறக்கு’ என்று யாரும் சொல்லவில்லை

லைல் ஹியத்தாலாவைப் பற்றிக் கோடைச் சந்தையின் மலருக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். ஊரில் எழுதத் தகுந்த ஆளே இல்லையா என்றேன். இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியெல்லாம் எழுதித் தீர்த்தாயிற்று என்றார்கள். சரி. பதினான்கு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவன் முகத்தில் விழித்தவன் நான். நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன். எழுத்தில் பிழை இருந்தால் குழுவினர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் யார் என்று தெரியாவிட்டால் அவன் யார் என்பது விளங்காது. சுரங்க லாரி டயருக்கு இரும்புத்தாது வெட்டும் இந்த மலைத்தொடர் முழுக்க என்னிடம், எர்வின் ஸ்டூக்கலிடம்தான் வர வேண்டும். இரண்டு ஆள் உயர டயர். பத்தொன்பது வயதில் ஒரு கடப்பாரையும் ஒரு ஜாக்கியும் வைத்துத் தொடங்கினேன். எவனும் கைகொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் முற்றத்தில் பழைய டயர், சங்கிலி, தண்டவாளத் துண்டு, டெலிபோன் கம்பம் எல்லாம் கிடக்கும். வேலை முடிந்ததும் அவற்றைத் தூக்குவோம், இழுப்போம், சுமந்துகொண்டு ஓடுவோம். அதற்கு ஸ்ட்ராங்மேன் என்று பெயர் வந்தது பிற்பாடு. எங்களுக்கு அது வீட்டுக்குப் போவதற்கு முந்தைய அரை மணி நேரம், அவ்வளவுதான்.

முற்றத்தின் நடுவில் ஒரு கல் இருக்கிறது. உருண்டைக் கல், முந்நூறு பவுண்டு. அதை ஒரு நிமிடத்துக்குள் மூன்று தடவை தரையிலிருந்து தோளுக்கு ஏற்றியவன் பெயர் கடையின் பின்சுவரில் வெள்ளைப் பெயிண்டில் எழுதப்படும். அதுவும் ஆகஸ்டில், சந்தையன்று, ஊர் பார்க்க ஏற்ற வேண்டும். நாற்பத்தோரு வருடத்தில் பதினோரு பெயர். முதல் பெயர் என்னுடையது. அப்போது சந்தையும் இல்லை, கூட்டமும் இல்லை. நானே தூக்கினேன், நானே எழுதினேன்.

அந்தச் சுவரில் பன்னிரண்டாவது பெயராக வர வேண்டும் என்பதுதான் லைலின் ஆசை. அவன் வாழ்க்கையில் ஆசை என்று சொல்லும்படி வேறெதையும் நான் பார்த்ததில்லை.

பிழைப்புக்கு அவன் ஜல்லிக் குவாரியின் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்திருந்தான். லாரி வந்து நிற்கும். எண்ணைப் பார்ப்பான். சீட்டைக் கிழித்து நீட்டுவான். நாள் முழுக்க மற்றவன் சுமக்கும் பாரத்தை எழுதிக்கொண்டிருப்பதும் ஒரு வேலையா? அவன் அப்பனும் அதே கூண்டில் இருந்தவன். பின்லாந்துக்காரக் குடும்பம், காலையில் ஒரு வார்த்தை, ராத்திரி ஒரு வார்த்தை. லைலின் மனைவி மார்லிஸ் மட்டும் வேறு மாதிரி. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். அவள் வாய்க்கு நான்கூடக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பேன்.

லைல் முதலில் சேர்ந்தது என் முற்றத்தில் இல்லை, ஊர் ஸ்லோவேனியாக்காரர்களின் மன்றத்து நிலவறையில். அங்கே ரோலண்ட் சாம்பா பவர்லிஃப்டிங் நடத்துகிறான். கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழுந்தால் ஸ்குவாட், மல்லாந்து தள்ளினால் பெஞ்ச், தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தால் டெட்லிஃப்ட் என்று மூன்றே மூன்று தூக்கல். அதற்கு உடம்போடு ஒட்டிய உடுப்பு, அளவெடுத்த கம்பி, கிலோக் கணக்கில் தட்டு. எதிரே மூன்று நாற்காலியில் மூன்று நடுவர்கள், வெள்ளைச் சட்டையில். நடுவில் இருப்பவர் சொன்னால்தான் எதுவும். ‘ஆரம்பி’ என்பார், ஆரம்பிக்க வேண்டும். தூக்கி நிமிர்ந்தபின் அவர் கையை இறக்கி ‘இறக்கு’ என்று சொல்லும்வரை அசையக் கூடாது. முன்னால் இறக்கினால் செல்லாது. தொப்பென்று போட்டாலும் செல்லாது. கூட்டம் என்ன கத்தினாலும் காதில் வாங்காதே, நடுவரின் வாயை மட்டும் பார் என்பதுதான் அங்கே முதல் பாடம். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மாதா கோயிலில்கூட அவ்வளவு உத்தரவு கிடையாது.

ஒரு சனிக்கிழமை லைல் என் முற்றத்து வாசலில் வந்து நின்றான்.

“எர்வின், நானும் இங்க தூக்கலாமா?”

“ஏன், ரோலண்ட் துரத்திட்டானா?”

“இல்ல. அங்கயும் போவேன். செவ்வாய் ஸ்குவாட், வியாழன் டெட்லிஃப்ட், சனிக்கிழமை இங்க.”

“ரெண்டும் எதுக்குடா?”

“அங்க பலம் சேருது. இங்க அதை நடக்க வைக்கக் கத்துக்கலாம்னு.”

“பலம் என்ன கன்னுக்குட்டியா, கயிறு கட்டி நடக்க வைக்க?”

எங்கள் வெஸ் டோமசிச் சங்கிலியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். இந்த மலைத்தொடரிலேயே கல்லை நாலு தடவை ஏற்றுகிறவன் அவன் ஒருத்தன்தான். “ரெண்டு பொண்டாட்டிக்காரன் வந்துட்டான்யா. ஒருத்தி போட்ட அடிக்கு இன்னொருத்திகிட்ட தைலம் கேப்பான் பாரு.”

லைல் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபமே வராது. அதுதான் அவன்மேல் எனக்கு முதல் கோபம்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சும்மாவா சொன்னார்கள்? கல்லைப் பிடிக்க நாங்கள் முன்கையில் ஊசியிலை மரப் பிசின் பூசிக்கொள்வோம். ஒட்டினால் தோலோடுதான் வரும். இவன் சனிக்கிழமைப் பிசினைச் சரியாகக் கழுவாமல் செவ்வாய்க்கிழமை நிலவறைக்குப் போய் ரோலண்டின் கம்பியைப் பிடித்தான். ரோலண்ட் கண்ணின் மணி மாதிரி காக்கிற கம்பி அது. மூன்று பேர் உட்கார்ந்து சமையல் எண்ணெய் விட்டுத் தேய்த்தார்களாம். “அந்த டயர்க்கடைச் சாக்கடைய என் மன்றத்துக்குள்ள கொண்டு வராதே!” என்று ரோலண்ட் கத்தியது தெருவரை கேட்டது என்று மார்லிஸ் சொன்னாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அதே வாரம் சனிக்கிழமை இங்கே வந்தான். டெட்லிஃப்ட் கம்பி வழுக்கிக்கொண்டு ஏறுவதற்காக நிலவறைக்காரர்கள் தொடையில் குழந்தைப் பவுடர் போடுவார்கள். பழக்கதோஷம், கல் முன்னாலும் தொடையில் பவுடரைத் தட்டிக்கொண்டு நின்றான். கல்லை மடியில் வைத்துத்தானே தோளுக்கு ஏற்ற வேண்டும்? வைத்தான். குளித்த பிள்ளை மாதிரி வழுக்கி ஓடிவிட்டது. வெஸ் டயர்மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். “தொட்டில் எங்கடா லைல்? பால் குடுத்தியா?” என்றான்.

டுலூத் நகரத்தில் நடந்த கம்பிப் போட்டியிலும் இதே கதை. கம்பி முழங்காலுக்கு மேல் வந்ததும் தொடையில் ஒரு கணம் உட்காரவைத்து எம்பி ஏற்றினான். முற்றத்தில் அது குற்றமில்லை. அங்கே மூன்று நடுவரும் சிவப்பு விளக்குப் போட்டார்கள், செல்லாது. இரண்டு வித்தையும் சேர்ந்தால் இரண்டு மடங்கு பலம் என்று நினைத்தான். வந்தது இரண்டு மடங்கு பிழை.

ஆறு வருடத்தில் அவனுடைய மூன்று தூக்கல் கூட்டுத்தொகை நாற்பது கிலோ கூடியது என்று ரோலண்ட் சொல்வான். கூடியிருக்கும். எடை மாட்டிய இரும்பு நுகத்தைத் தோளில் போட்டு நடப்பதிலும் வெஸ்ஸுக்கு அடுத்தபடி இவன்தான் என்று ஆகிவிட்டது. ஆகட்டும். நடையைப் பார்க்க வேண்டும் நீங்கள். எடைமேடைமேல் நடப்பது மாதிரி ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து வைப்பான். போட்டி மாதம் வந்தால் நுகத்தில் பாதி எடையைக் கழற்றிவிடுவான். கால் களைத்துவிடக் கூடாதாம். என் முற்றத்தில் பாதி எடைக்கு என்று ஒருவனும் அதுவரை வந்ததில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாத காரியம் ஒன்று செய்தான். ஒரு வசந்த காலத்தில் முற்றத்துத் தரையைச் சமப்படுத்தும் வரை கல்லை லாரியில் ஏற்றிக் குவாரியில் வைத்திருந்தோம். இவன் அதை உருட்டிக்கொண்டு போய், மூட்டை எடை போடும் தராசில் ஏற்றிப் பார்த்திருக்கிறான். யார் சொன்னது? யார் கேட்டது?

“எர்வின், அது முந்நூறு இல்ல. இருநூத்து எண்பத்தாறு.”

முற்றத்தில் பத்துப் பேர் இருந்தார்கள்.

“தராசு தப்பு,” என்றேன்.

“மூணு தடவை போட்டேன். மழை பெஞ்சிருந்ததால ரெண்டு பவுண்டு ஈரமா இருக்கலாம். அப்ப இருநூத்து எண்பத்து நாலு.”

வெஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். நாற்பது வருடமாக முந்நூறு என்று நான் சொன்ன கல் முந்நூறுதான். இன்றைக்கும் அது முந்நூறுதான். தூக்குகிறவன் முதுகைக் கேளுங்கள், தராசைக் கேட்காதீர்கள். லைல் என்னைக் குத்திக்காட்டச் சொன்னானா என்றால் இல்லை. அவனுக்குக் குத்தத் தெரியாது. எண் என்று ஒன்று இருந்தால் அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த ஆகஸ்ட்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. சந்தைக்கு இரண்டு வாரம் முன்னால் முற்றத்தில் கல்லை மூன்று தடவை ஏற்றியிருந்தான், நிமிடத்துக்கு ஐந்து விநாடி மிச்சம் வைத்து. வெஸ்தான் பார்த்தான். நான் அன்று கடைக்குள் இருந்தேன். ஆகவே இந்த வருடம் சுவரில் பெயர் ஏறிவிடும் என்று ஊரே பேசியது. மார்லிஸ் ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “ஹியத்தாலாவுக்கு எழுத்து ஜாஸ்தி எர்வின், சுவத்துல எடம் விட்டு வையுங்க,” என்றாள்.

சந்தைத் திடலில் மரத்தூள் பரப்பிக் கல்லை வைத்தோம். நான் கடிகாரத்தோடு எதிரே நின்றேன். எனக்கு இரண்டு பக்கமும் குழுவினர் இருவர், பால்பண்ணைக்காரர்கள். எல்லைக் கோட்டைத் தாண்டுகிறானா என்று பார்க்கத்தான் அவர்கள். அந்த வருடம் குழுவுக்கு வெள்ளைச் சட்டை தைத்திருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

வெஸ் நாலு தடவை ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனான். அடுத்தது லைல்.

குனிந்தான். கல்லைக் கட்டிப் பிடித்தான். மடிக்கு ஏற்றினான். நிமிர்ந்து ஒரு உருட்டு, கல் தோளில். எட்டு விநாடி. வெஸ்கூட அவ்வளவு சுத்தமாக ஏற்றியதில்லை, இருக்கட்டும். நான் “ஒண்ணு!” என்றேன்.

இனி அவன் செய்ய வேண்டியது கல்லைத் தொப்பென்று போட்டு மறுபடி எடுப்பதுதான். கைவசம் ஐம்பத்திரண்டு விநாடி.

அவன் போடவில்லை.

குதிகால் இரண்டையும் பதித்து, முழங்காலைப் பூட்டி, நெஞ்சை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“போடுடா லைல்!” என்று வெஸ் கத்தினான்.

“கீழ போடு! கீழ!” கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருநூறு பேர் கத்தினார்கள். அவன் காதில் அது ஏறவே இல்லை.

பதினைந்தாவது விநாடியில் எனக்கு விளங்கிவிட்டது. மறைப்பானேன்? முற்றத்தில் அவன் தூக்கும்போது எதிரே யாரும் நிற்பதில்லை, டயர்தான் கிடக்கும். இங்கே மூன்று பேர். மூன்று வெள்ளைச் சட்டை. நடுவில் ஒருத்தன். கல்லைத் தூக்கிய உடம்பு முற்றத்து உடம்பு, நின்ற உடம்பு நிலவறை உடம்பு. ‘இறக்கு’ என்ற ஒரு சொல்லுக்காக நிற்கிறான்.

ரோலண்ட் கூட்டத்தை இடித்துக்கொண்டு கயிறுவரை வந்துவிட்டான். “எர்வின்! இறக்குன்னு சொல்லித் தொலையேன்! உன் வாயத்தான்டா பாத்துக்கிட்டிருக்கான்!”

“கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லு ரோலண்ட்.”

“ஒரு வார்த்தடா கிழவா!”

“இங்க அந்த வார்த்தை கெடையாது.”

ரோலண்ட் தானே “இறக்கு!” என்று அலறினான். லைல் திரும்பக்கூட இல்லை. ரோலண்ட் நடு நாற்காலியில் இல்லையே.

நான் சொல்லவில்லை. ஏன் என்று இந்த ஊரில் பாதிப் பேர் இன்னும் கேட்கிறார்கள். சுவரில் இருக்கும் பதினோரு பேரில் ஒருத்தனுக்காவது நான் வாயைத் திறந்திருக்கிறேனா? கல் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு என் வாய் தேவைப்படவில்லை. ஒருத்தனுக்குச் சொன்னால் பதினோரு பெயரையும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி. தராசு விஷயத்துக்குப் பழிவாங்கினேன் என்பவன் வாயில் மண் விழட்டும். அது ஞாபகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காகச் செய்யவில்லை.

நிமிடம் முடிந்து விசில் ஊதினேன். விசிலுக்கும் அவன் அசையவில்லை. விசில் அவனுக்கு உத்தரவு இல்லை. தொடை இரண்டும் லாரி எஞ்சின் மாதிரி நடுங்கத் தொடங்கின. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

மார்லிஸ் கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

“எர்வின், நேரம் முடிஞ்சாச்சு. இனி அந்த வார்த்தைய நீங்க பூட்டி வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

நான் கையை இறக்கினேன். “இறக்கு,” என்றேன்.

இறக்கினான். போடவில்லை, இறக்கினான். முந்நூறு பவுண்டுக் கல்லை மடிக்குக் கொண்டுவந்து, குந்தி, முட்டையை வைப்பது மாதிரி மரத்தூளில் வைத்தான். அந்தக் கல்லை அதுவரை ஒருத்தனும் அப்படி வைத்ததில்லை. வைப்பதற்கு அறிவுள்ள எவனுக்கும் தோன்றியிருக்காது.

மூச்சு வாங்கியபடி கேட்டான். “நல்ல தூக்கலா?”

“ஒண்ணு,” என்றேன்.

“மூணு வேணும் இல்ல?”

“மூணு வேணும்.”

“சரி,” என்றான். போய் எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஊர் விடவில்லை. காப்பிக்கடையில் என்னைப் பார்த்தால் ஒருத்தன் கையைத் தோளில் வைத்துக்கொண்டு சிலையாக நிற்பான். “ஒரு நிமிஷம் ஆறு விநாடி அந்தக் கல்லைத் தோள்ல வச்சிருந்தவன் எவன் இருக்கான் எர்வின்?” என்பான் இன்னொருத்தன். குவாரி வாசலில் ஒரு தூண் ஐம்பது வருடமாக நிற்கிறது, அதன் பெயரையும் சுவரில் எழுதலாமா என்று கேட்டேன். வெஸ் அடுத்த சனிக்கிழமை கல்லைத் தோளில் வைத்து நின்று பார்த்தான். முப்பத்தெட்டாவது விநாடியில் போட்டுவிட்டான். அவனுக்கு வேறு வேலை இருந்தது.

ரோலண்ட் இன்னும் கேவலம். மன்றத்துப் பலகையில் ‘லைல் ஹியத்தாலா, கல், அறுபத்தாறு விநாடி’ என்று எழுதப் போனான். கம்பித் தூக்கல் பலகையில் கல்! அதைத் தடுத்தவன் லைல். “மூணு நடுவர் இல்லையே ரோலண்ட். ரெண்டு பேர் பால்பண்ணைக்காரங்க,” என்றானாம். அந்த ஒரு இடத்தில் அவன் சொன்னது சரி.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை முற்றத்தில் அவனும் நானும் மட்டும் இருந்தோம். நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

“லைல், உனக்கு மூணு வரும். எனக்குத் தெரியும். ரோலண்டை விட்டுட்டு வா. ஒரு வருஷம் இங்க மட்டும் தூக்கு. அந்த நாற்காலிக்காரனுங்க உன் உடம்பை விட்டுப் போயிடுவானுங்க. வர்ற ஆகஸ்ட்ல நானே உன் பேரை எழுதறேன்.”

என் வாழ்நாளில் யாருக்கும் நான் இப்படி வழி சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் நுகத்தின் ஆணியைச் சரிபார்த்துக்கொண்டே யோசித்தான்.

“முடியாது எர்வின்.”

“ஏன்டா?”

“தூக்கினவன் தானே தூக்கிட்டேன்னு சொல்லிக்கக் கூடாது. இன்னொருத்தர் சொல்லணும். அங்க சொல்றாங்க.”

“நான் ஒண்ணுன்னு சொன்னேனே!”

“எண்ணினீங்க. அது வேற.”

நாற்பத்தோரு வருடமாக நான் தூக்கியதை நானே சொல்லி, நானே எழுதி, அதை இந்த மலைத்தொடர் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு எடைச்சீட்டுக்காரன் வந்து எனக்குப் பாடம் நடத்துகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பழைய டயர் ஒன்றை நாலு தடவை புரட்டினேன், எழுபத்திரண்டு வயதில். அவன் பார்த்துவிட்டு “நல்லா இருந்தது,” என்றான். அதையும் நான் கேட்கவில்லை.

சுவர் பதினொன்றோடு நிற்கிறது. அவன் பெயர் இல்லை, இனியும் இருக்காது. மறு வருடம் சந்தைக்கு அவன் பெயரே கொடுக்கவில்லை, அந்த வாரம் டுலூத்தில் போட்டியாம். ஆனால் மற்றவர்களுக்கு இந்த வியாதி தொற்றிவிடக் கூடாதே. ஆகவே கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டேன். எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை. இவனால் அதையும் செய்ய வேண்டி வந்தது. சிவப்புப் பெயிண்டில் எழுதினேன்: ‘இங்கே இறக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.’

அந்தச் சனிக்கிழமை லைல் வந்தான். பையைக் கீழே வைத்தான். பலகை முன்னால் நின்று இரண்டு தடவை படித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு குற்றமும் இல்லாத முகத்தோடு கேட்டான்.

“அப்ப ‘ஆரம்பி’ன்னு யாரு சொல்வாங்க எர்வின்?”

நான் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.